நம்பிக்கைக்கு வழி போடுவது எப்படி? கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் யாராவது தடுக்கி விழுந்தால் நாம் சொல்லும் முதல் வார்த்தை "மனச உட்றாதீங்க" என்பதுதான். தறியை நிறுத்தியவரிடமும் சொல்கிறோம், மஞ்சள் விலை இறங்கி நொந்துபோனவரிடமும் சொல்கிறோம், நீட் தேர்வில் மார்க் குறைந்த பிள்ளையிடமும் சொல்கிறோம். அன்போடு சொல்கிற வார்த்தைதான். ஆனால் கேட்டவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்பது அதில் இல்லை. அந்த மறுநாள் காலைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கையைப் பற்றி உளவியலில் தெளிவாகப் பேசியவர்களில் முதன்மையானவர் சி. ஆர். ஸ்னைடர். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2006இல் காலமானார். 1991இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, நம்பிக்கையில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எட்ட நினைக்கிற ஓர் இலக்கு. அதற்குப் போக வழி கண்டுபிடிக்க முடியும் என்ற எண்ணம். அந்த வழியில் நடக்க என்னால் ஆகும் என்ற எண்ணம். கடைசியில் சொன்னதை இந்தக் கட்டுரை முழுக்கத் தெம்பு என்றே சொல்கிறேன். மூன்றில் எது குறைந்தாலும் நம்பிக்கை நொண்டும்.

நம் பக்கத்து ஆட்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. கொங்கு நாட்டில் தெம்புக்குப் பஞ்சம் இல்லை. வழிக்குத்தான் பஞ்சம். வைராக்கியக்காரரை நாம் கொண்டாடுகிறோம். ஒரே கதவை முப்பது வருசம் தட்டியவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் வழி அடைபட்டதும், "வழி அடைஞ்சு போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. "நான் லாயக்கில்லை" என்கிறார்கள். இந்த வழிகாட்டியில் வழி பற்றிய பகுதி மற்றதை விட நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைப்பது வேறு, இது வேறு. நல்லபடியாக முடிவதற்கு மழை காரணமாகலாம், அரசாங்கம் காரணமாகலாம், குலசாமி காரணமாகலாம். ஸ்னைடர் சொல்லும் நம்பிக்கையில் வேலை பார்க்கிற ஆள் நாம்தான். 2002இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே 200க்கும் மேற்பட்ட மாணவர்களின் நம்பிக்கையை அளந்து வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகள் அவர்களுடைய படிப்பைப் பின்தொடர்ந்தார்கள். நம்பிக்கை கூடுதலாக இருந்தவர்கள் சராசரியாக நல்ல மதிப்பெண் எடுத்தார்கள், படிப்பை முடித்தவர்களும் அவர்களில்தான் அதிகம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. புத்திசாலிகளுக்குத்தானே நம்பிக்கை இருக்கும் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் படி: எது குறைகிறது என்று பாருங்கள்

ஸ்னைடரின் அளவுகோலில் 12 வாக்கியங்கள். நான்கு வழியைப் பற்றியவை, நான்கு தெம்பைப் பற்றியவை, மீதி நான்கு கணக்கில் சேராத நிரப்பு வாக்கியங்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் வழி. இந்தக் காரியம் முடிய எனக்கு எத்தனை வழி தெரியும்? இது அடைபட்டால் சுற்றிப் போக ஏதாவது தோன்றுகிறதா? யாரைக் கேட்டால் தெரியும் என்றாவது தெரியுமா? வலது பக்கம் தெம்பு. காலையில் எழுந்ததும் இதற்காக ஏதாவது செய்யத் தோன்றுகிறதா? இதற்கு முன்னால் இதே அளவு கஷ்டமான எதையாவது முடித்திருக்கிறேனா? இதைப் பற்றி யோசித்தாலே சோர்வு வருகிறதா?

சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டுத் தறி. பாவு (நெய்வதற்கான நூல்) வந்தால் இராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுவார். கரண்ட் பில்லும் ஆள் கூலியும் போக கையில் நிற்பது சொற்பம். அவரிடம் வலது பக்கம் நிரம்பி வழியும், இடது பக்கம் "இன்னும் ஜாஸ்தி ஓட்டணும்" என்று ஒரே வரி இருக்கும். இதற்கு நேரெதிராக, கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையன். போன் முழுக்க யோசனைகள், வீடியோக்கள், பத்துத் தொழில். ஒன்றும் தொடங்கியிருக்க மாட்டான். முதலாமவரிடம் "முயற்சியை விடாதீங்க" என்பது வீண், இரண்டாமவனிடம் இன்னொரு யோசனை சொல்வதும் வீண். அதற்காகத்தான் முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தொழில், படிப்பு, குடும்பம், உடம்பு என்று தனித்தனியாகப் பாருங்கள். தொழிலில் புலியாக இருப்பவர் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் துவண்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாம் படி: இலக்கை வெட்டிச் சின்னதாக்குங்கள்

"நல்லா இருக்கணும்", "செட்டில் ஆகணும்" இதெல்லாம் இலக்கு ஆகாது. வந்து சேர்ந்துவிட்டோமா இல்லையா என்று பார்க்க முடியாத ஊருக்கு யாரும் பஸ் ஏற முடியாது. எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: "முடிந்த வரை நல்லாச் செய்" என்று சொல்லப்பட்டவர்களை விட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்துக்கொண்டவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள்.

"ஆகக் கூடாது" என்று முடிகிற இலக்கைத் திருப்பி எழுதுங்கள். "கடனாளி ஆகக் கூடாது" என்றால் நாள் முழுக்கக் கடன்தான் நினைவில் ஓடும். "தைப் பொங்கலுக்குள் நகையைத் திருப்பணும்" என்றால் கைக்கு வேலை கிடைக்கும்.

இனி ஒரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு போவோம், அப்போதுதான் புரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் ஒரு பெண். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறாள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். "கவர்மென்ட் வேலைக்குப் போகணும்" என்று ஆசை. அதை இப்படி வெட்டலாம்: டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை அடுத்த முறை எழுதுவது. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். அதிலும் முதல் இலக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடப் புத்தகங்களை ஆடிக்குள் ஒரு சுற்று முடிப்பது. இப்போது அது மேசையில் வைக்கக்கூடிய ஐந்து வருசப் புத்தகமாகிவிட்டது.

மூன்றாம் படி: கனவுக்குப் பக்கத்தில் தடையை எழுதுங்கள்

ஜெயித்த மாதிரி கண்ணை மூடி நினைத்துப் பார், நடந்துவிடும் என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். ஜெர்மானிய உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் இதைச் சோதித்துப் பார்த்தார். படிப்பு முடித்து வேலை தேடியவர்களை அவரும் டோரிஸ் மேயரும் இரண்டு ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். 2002இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள், வந்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கனவிலேயே பாதி சாப்பிட்டுவிட்டால் பசி அடங்கிவிடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் சொல்லும் மாற்று எளிது. முதலில் ஆசைப்பட்டது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினையுங்கள். உடனே, அதைத் தடுக்கிற, எனக்குள்ளேயே இருக்கிற பெரிய தடை எது என்று கேளுங்கள். வரிசை மாறக் கூடாது, கனவு முதலில், தடை அடுத்தது. நம் டெய்லருக்கு வெளித் தடை ஒன்றரை ஷிப்டு. இரவு எட்டரை மணிக்கு மேல்தான் வீடு. உள்தடை வேறு. எட்டரைக்கு வந்ததும் "இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்" என்று போனை எடுத்துப் படுப்பது. இரண்டையும் எழுத வேண்டும். வெளித் தடையை மட்டும் எழுதுகிறவர்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், உள்தடையை மட்டும் எழுதுகிறவர்கள் தன்னையே திட்டிக்கொள்வார்கள்.

நான்காம் படி: முதல் வழி திறந்திருக்கும்போதே மூன்று வழி போடுங்கள்

இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட குளங்களுக்குப் பவானித் தண்ணீர் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். பழைய யோசனை, மேலே அத்திக்கடவுப் பக்கமிருந்தே தண்ணீரைக் கொண்டுவருவது. கடைசியில் நிறைவேறியது அந்த வழி இல்லை. பவானி ஆற்றில் கீழே, காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அப்பால் வரும் உபரி நீரை, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேலே ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கி வைக்கப்பட்டது. பெயர் பழைய வழியின் பெயராகவே நின்றுவிட்டது, தண்ணீர் புது வழியில் வருகிறது. இலக்கை விடாமல் வழியை மட்டும் மாற்றுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அந்தப் போராட்டக்காரர்களின் வைராக்கியத்தைப் புகழ்கிறோம், சரி. வேறு வரைபடத்துக்கு ஒத்துக்கொண்டார்களே, அந்த மனசையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

மூன்று வழியை எப்படிப் போடுவது? தாளை எடுத்து, இலக்கை மேலே எழுதுங்கள். முதல் வழி, நீங்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருப்பது. அதன் கீழே "இது எதனால் அடைபடும்?" என்று எழுதுங்கள். வரும் பதில்தான் இரண்டாம் வழியின் தொடக்கம். மூன்றாம் வழியை நீங்களே யோசிக்காதீர்கள். அந்தக் காரியத்தைச் செய்து முடித்த ஒருவரிடமாவது போய்க் கேளுங்கள். நம்மூரில் சொந்தக்காரரிடம் கேட்பதற்கு ஒரு கூச்சம் உண்டு, "நம்ம பொழப்பு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்" என்று. சொந்தத்துக்கு வெளியே கேளுங்கள், அப்புறம் அந்தக் கூச்சம் குறையும்.

நம் டெய்லரின் தாள் இப்படி வரலாம். முதல் வழி: ஷிப்டு முடிந்து இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை படிப்பது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் அடைபடும். இரண்டாம் வழி: காலை ஐந்திலிருந்து ஆறரை வரை. தண்ணீர் வரும் நாளில் அடைபடும், குடம் பிடிக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைக்கலாம். மூன்றாம் வழி, கேட்டுத் தெரிந்தது: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அந்த வகுப்பு நடக்கும் மாதங்களில் ஒரு ஷிப்டு மட்டும் ஓடுகிற கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். சம்பளம் குறையும். எவ்வளவு குறையும், எத்தனை மாதம் தாங்கும் என்று சனிக்கிழமைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கை அவள் ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

"அம்மா, நாலு மாசம் ஒரு ஷிப்டுதான் போறன். பணம் கொஞ்சம் கம்மியாத்தான் அனுப்ப முடியும்."

"அதுக்கென்ன கண்ணு, ஆட்டுக்குட்டி ஒண்ண வித்துக்கலாம். நீ படி. பாஸாகலைன்னா?"

"பாஸாகலைன்னா மறுபடியும் ஒன்றரை ஷிப்டுக்கு வந்துக்கறன். அடுத்த பரீட்சைக்குக் காலையில படிச்சுக்குவன்."

அந்த அம்மாவின் கேள்வியைக் கவனியுங்கள். "பாஸாகலைன்னா?" என்று கேட்பதை நாம் அபசகுனம் என்று தடுத்துவிடுகிறோம். தடுக்காதீர்கள். முதல் வழி திறந்திருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அடைபட்ட பிறகு அழுகைதான் வரும்.

திருப்பூரே இதற்குச் சாட்சி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே முடிந்துபோச்சு என்றார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கிச் சமாளித்தார்கள், கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்புக்கு மாறினார்கள். பட்டறை முதலாளிகளும் தொழிலாளர்களும் அந்த நாட்களில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் பனியன் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் படி: "இப்படி ஆனால் அப்படி" என்று எழுதுங்கள்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன முறை இது. நான் பார்த்த வரையில் செலவே இல்லாமல் பலன் தருவது இதுதான். "நாளையிலிருந்து படிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக நேரம், இடம், சூழ்நிலை மூன்றையும் கட்டி ஒரே வாக்கியமாக எழுதுவது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் முந்திய இரவை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். 2006இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

டெய்லரின் வாக்கியங்கள்: "இரவு வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவி வைத்தால், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எட்டாவது தமிழ்ப் புத்தகத்தை எடுப்பேன்." "ஷிப்மென்ட் நெருக்கம், இன்னும் நேரமாகும் என்று சூப்பர்வைசர் சொன்னால், அன்று இரவு படிக்காமல் தூங்கிவிட்டு, காலை ஐந்து மணிக்கு அதே பாடத்தைப் படிப்பேன்." இரண்டாவது வாக்கியத்தில்தான் உயிர் இருக்கிறது. நேரமாகும் என்று சொன்ன நாளில் அவள் தோற்கவில்லை, ஏற்கெனவே எழுதி வைத்த வழியில் போகிறாள். இரண்டு மூன்று வாக்கியம் போதும். இருபது எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

ஆறாம் படி: நாளைக் கூட்டிப் போடுங்கள்

1994இல் ரோஜர் பியூலர் குழுவினர், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கைக் கூட அது தாண்டிவிட்டது. அதனால் "எத்தனை நாளில் முடிப்பேன்" என்று யோசிக்காதீர்கள், "போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு" என்று பாருங்கள். நோம்பி (பண்டிகை), சீர், கல்யாணம், தேர் எல்லாம் நடுவில் வரும். சித்திரையிலும் வைகாசியிலும் நம்மூரில் யாரால் உட்கார்ந்து படிக்க முடிகிறது? அதையும் கணக்கில் சேருங்கள்.

ஏழாம் படி: தெம்பு குறையும் நாளில்

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பின்னால் தப்பிக்க வழி கிடைத்தபோதும் அசையாமல் படுத்துவிட்டன. கையறு நிலை பழகிப்போகிறது என்று அப்போது விளக்கினார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அவர்களே அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் துவண்டு கிடப்பதுதான் மூளையின் இயல்பான பதில். "என்னால் இதை மாற்ற முடிகிறது" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது.

இது மிகப் பெரிய ஆறுதல். துவண்டு கிடப்பவர் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை. அவருக்குத் தேவை, தன் கையால் மாறுகிற ஒரு சின்ன விஷயம், அதுவும் இன்றைக்கே. மூன்று மாதமாகக் கணக்கு நோட்டைத் திறக்காதவர் நோட்டை எடுத்து மேசையில் வைப்பது கூடப் போதும். மறுநாள் ஒரு பக்கம். முன்பு முடித்த கஷ்டமான காரியங்களை நான்கு வரியாக எழுதி வைத்துக்கொள்வதும் உதவும். தெம்பு இறங்கிய நாளில் அதெல்லாம் நினைவுக்கு வராது, எழுதியிருந்தால்தான் உண்டு. தூக்கம் கெட்டால் தெம்பு முதலில் போகும். இரண்டு ஷிப்டு ஓட்டிவிட்டு "எனக்கு மனசு சரியில்லை" என்கிறவரிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதைத்தான்.

எட்டாம் படி: எங்கே நிறுத்துவது என்று முன்பே எழுதுங்கள்

இதைப் பற்றி நம் பக்கம் யாரும் வாய் திறப்பதில்லை, ஆனால் குடும்பங்கள் நொடிவது இதில்தான்.

தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மட்டை தொங்கிவிட்டது. இரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டாயிற்று, இரண்டிலும் வெறும் புகை. நீரோட்டம் பார்ப்பவர் வந்து ஈசானிய மூலையில் ஓரிடத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். போர் போடும் திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கிறது. 900 அடி போயாயிற்று, கல்லு மாவுதான் பறக்கிறது. வண்டிக்காரர் மெஷினைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்: "இன்னும் போலாமுங்களா?" ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். அந்தச் சத்தத்தில், அந்தப் புழுதியில், ஊரார் சுற்றி நிற்கும்போது, யாராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. "இத்தனை அடி போயாச்சு, இன்னொரு நூறு" என்றுதான் வாய் வரும்.

அந்த முடிவை வண்டி வருவதற்கு முந்திய இரவு எடுக்க வேண்டும். எத்தனை அடி, எவ்வளவு பணம், அதற்கு மேல் இல்லை என்று எழுதி, அந்தத் தாளை அந்த நேரத்தில் புழுதியில் நிற்காத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுக்காரம்மாவாக இருப்பது நல்லது. அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

"ஏனுங்க, முந்தி ரெண்டு போர் போடவே இல்லைன்னு வெச்சுக்குவம். இன்னைக்குத்தான் மொதல் தடவை இந்தப் பணம் கைக்கு வந்திருக்குது. இதக் கொண்டுபோய்ப் போர்லதான் போடுவீங்களா?"

போன பணம் எந்த முடிவிலும் திரும்பி வராது. அதனால் அடுத்த முடிவில் அதற்கு ஓட்டு கிடையாது. இல்லை என்று பதில் வந்தால், ஒரு படி மேலே ஏறிப் பாருங்கள். போர் என்பது இலக்கு இல்லை, தண்ணீருக்கு ஒரு வழி. தண்ணீரும் இலக்கு இல்லை, தென்னைக்கு வழி. தென்னையும் பண்ணையத்தில் பிழைப்பதற்கு ஒரு வழிதான். மேலே ஏற ஏற வழிகள் கூடும். மரத்தைப் பாதியாகக் குறைத்துச் சொட்டு நீர் போடலாம், சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. ஒரு பகுதியைக் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் காடாக விடலாம். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் செம்மறியோ காங்கேயம் மாடோ. அந்தக் காய்ந்த மண்ணுக்கென்றே நம் பாட்டன்மார் கண்டுபிடித்த பண்ணையம் அது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2003இலிருந்து இதைத்தான் ஆராய்கிறார்கள். எட்ட முடியாத இலக்கை விட முடிகிறவர்கள், விட்டபின் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறவர்கள், மனதளவில் நன்றாக இருக்கிறார்கள். இரண்டும் சேர வேண்டும். விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் வெறுமைதான் மிஞ்சும். ஆகவே, ஓர் இலக்கைக் கைவிடும் அன்றைக்கே, சின்னதாகவாவது அடுத்ததன் பெயரை அதே தாளில் எழுதிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு

எட்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்று ஸ்னைடர் குழு 1997இல் ஆறே வாக்கியங்களில் தனி அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. வழி கண்டுபிடிக்கும் பழக்கம் சிறு வயதிலேயே, வளர்ப்பவரைப் பார்த்து வருவது என்பது அவர் கருத்து. நாமக்கல், ராசிபுரம் பக்க விடுதிப் பள்ளியில் சேர்த்து, மார்க்கைத் தவிர வேறெதையும் யோசிக்காதே என்று சொல்லிவிட்டால், பிள்ளைக்குத் தெம்பு வரலாம், வழி கண்டுபிடிக்கும் பழக்கம் வராது. வழியைப் பள்ளிக்கூடமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. லீவுக்கு வரும்போது சின்னச் சின்ன காரியங்களை அவர்களிடமே விடுங்கள். ஈரோட்டுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வருவது, சைக்கிள் ரிப்பேர், ஒறம்பரை (விருந்தாளிகள்) வரும் நாளைக்குச் சமையல் கணக்கு. இடையில் சிக்கிக்கொண்டால் தீர்த்து வைக்காமல், "வேற எப்படிப் பண்ணலாம் கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் படிகள் போதாத நேரம்

நம்பிக்கை குறைவதும் நம்பிக்கையே அற்றுப்போவதும் ஒன்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் தாளும் பேனாவும் எடுக்க வேண்டாம். அது சிகிச்சை தேவைப்படும் நிலை. கந்துக்கடன் நெருக்கடியில் இருப்பவர்களிடம் இந்தப் பேச்சை இலேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் ஆகும்.

தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும், டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416உம் இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை போகும்போது தனியாக அனுப்பாமல், வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் வாருங்கள்.